மூன்றாவது பாட்டில் இன்னொரு குரல்

அத்தியாயம் 17

"இது பாட்டு இல்லை. வேஷம்."

அப்பா போன வாரம் ஒரு நிருபரிடம் சொன்ன இந்த நாலு வார்த்தை கொட்டை எழுத்தில் அச்சாகி வந்தது. அன்றிலிருந்து ஆறு நாளாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் முழு வாக்கியம் பேசவில்லை. "உப்பு." "கதவு." "சாவி." இவ்வளவுதான் குடும்பப் பேச்சு.

முகம் தெரியாத யாரோ ஒரு பாடகியைப் பற்றிச் சொல்லியிருந்தால் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். அப்பா சொன்னது தன் சின்ன மகளைப் பற்றி. வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிற அவள், முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு முழு ஆல்பம் போட்டிருக்கிறாள். பத்துப் பாட்டு. அத்தனையும் சோல். பின்னால் டிரம்பெட்டும் ஆர்கனும் கோரஸும் நிற்க, நடுவில் ஒரு குரல் வெட்கத்தை விட்டு மனசைக் கொட்டித் தீர்க்குமே, அந்தப் பாட்டு. அதையும் இன்றைய பளபளப்பு இல்லாமல், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டைப் போலக் கரகரவென்று பதிவு செய்திருந்தாள்.

அப்பா வாலிபத்தில் பாடியதும் இதே பாட்டுதான். வீட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன ஸ்டூடியோவில், தன் தம்பியோடு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் பதிவு செய்த ஒரே ஆல்பம், கம்பெனியிடம் கொடுக்க வேண்டிய நாள் காலையில் காணாமல் போனது. "டேப்பை எடுத்துட்டு ஓடப் பார்க்கிறான்" என்றார் அப்பா. "நான் எடுக்கலை அண்ணா" என்றார் சித்தப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது. சித்தப்பா வேறு ஊருக்குப் போனார். அப்பா பாடுவதை விட்டுவிட்டு, விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்து குடும்பத்தை ஓட்டினார்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது இன்று காலையில் நடந்தது.

●

பெரிய மகளுக்கு வீட்டில் பெயர் மீட்டர். சின்ன வயசில் ஸ்டூடியோவில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, சத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். முள் கோட்டைத் தாண்டினால், "அப்பா, சிவப்பு! சிவப்பு!" என்று கத்துவாள். அப்படி வந்த பெயர். நாற்பத்தொரு வயசாகியும் போகவில்லை.

ஸ்டூடியோவை இப்போது நடத்துவது அவள்தான். மூலையில் போர்த்திக் கிடந்த, ஒரே டேப்பில் எட்டுச் சத்தத்தைத் தனித்தனியாகப் பதிகிற எட்டு டிராக் மெஷினைத் தட்டி எழுப்பித் தங்கையின் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அவள்தான். புது டேப் லேசில் கிடைக்காது. அதனால் அலமாரியில் இருந்த பழைய விளம்பர டேப்புகளின் மேலேயே பதிவு செய்தார்கள். டப்பாவில் அம்மாவின் கையெழுத்தில் 'சோப்பு விளம்பரம். அழிக்கலாம்' என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவின் டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் எழுதி ஒட்டியது அம்மாதான்.

இன்று மாலை நாலு மணிக்கு வானொலியில் நேரலை. அப்பாவையும் வாலுவையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆல்பம் அசலா நகலா என்று பேசவைக்கப் போகிறார்கள். நடுவில் ஆல்பத்திலிருந்து மூன்றாவது பாட்டைப் போடுவார்கள். பேச்சுக்குப் பின்னால் மெல்ல ஓட்டுவதற்கு அதன் குரல் இல்லாத வடிவமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் மீட்டர் காலை ஒன்பது மணிக்கு அந்த டேப்பை மெஷினில் மாட்டினாள்.

வாலுவின் குரலை இறக்கினாள். ஆனாலும் ஒரு ஆண் குரல் போகவில்லை.

அந்தப் பாட்டின் நடுவே ஆர்கன் மட்டும் தனியாக இழைகிற ஓர் இடம் உண்டு. அங்கே யாரோ ஒரு ஆண் மிக மெல்லிசாக முணுமுணுப்பது கேட்கும். பாஸ் கிட்டார்க்காரர்தான் வாசிக்கும்போது தன்னை மறந்திருக்கிறார் என்று நினைத்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைத்திருந்தார்கள். விமரிசனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பாஸ்காரரைக் கேட்டபோது அவர் மறுக்கவும் இல்லை. அடக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மீட்டர் பாஸை இறக்கினாள். முணுமுணுப்பு போகவில்லை. டிரம்ஸ், ஆர்கன், இரண்டு டிரம்பெட், கோரஸ் என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். ஏழும் கீழே போய்விட்டன. எட்டாவது டிராக் காலி. காலி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பார்த்தால், அதன் சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டை கால் அங்குலம் மேலே ஏறி நின்றது.

அதை முழுக்க மேலே தள்ளினாள்.

முணுமுணுப்பு பாட்டாயிற்று. பாட்டு சிரிப்பாயிற்று. பிறகு தெளிவாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல, ஒரு வாலிபக் குரல்:

"அண்ணா, இன்னொரு தடவை போலாமா? நடுவுல சிரிச்சுட்டேன்."

மீட்டர் மெஷினை நிறுத்தினாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயசு இருந்தபோது அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறின சிரிப்பு அது.

தங்கைக்காக ஏழு டிராக்கில் மட்டும் பதிவு செய்தாள். எட்டாவதைத் தொடவே இல்லை. அதனால் அதில் முன்பு இருந்தது அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் மற்ற ஏழில் இருந்தது? அப்பாவின் குரலும் அந்த வாத்தியங்களும் அவர்களுடைய ஒரே ஆல்பமும்? சோப்பு விளம்பரம் என்று நம்பித் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

"டப்பாவைப் பார்த்து முடிவு பண்ணாதே. போட்டுக் கேட்டுட்டு அழி." தொழில் கற்றுக்கொடுத்த முதல் நாள் அப்பா சொன்னது இது. அவள் கேட்கவில்லை.

சித்தப்பா டேப்பைத் திருடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அது அவர்கள் காலடியில்தான் இருந்திருக்கிறது.

இன்னும் ஏழு மணி நேரத்தில் அந்தப் பாட்டு ஒலிபரப்பாகப் போகிறது, அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டி. பாஸ்காரர் என்று நம்பினவர்களுக்கு வேண்டுமானால் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தன் தம்பியின் குரல் அவருக்குத் தெரியாதா? தனக்குத் தெரியாமல் அந்தத் 'திருடனை' வரவழைத்து மகள்கள் பாடவைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ஊர் கேட்க அதைச் சொல்லவும் சொல்வார்.

நாலு மணிக்கு முன்னால் அவரிடம் சொல்லியாக வேண்டும். 'உங்க ஆல்பத்தை நான்தான்பா அழிச்சேன்' என்று.

●

அம்மா முன்னறையில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரேடியோவுக்கு எதுக்கும்மா இஸ்திரி? யார் பார்க்கப்போறாங்க?"

"சண்டை போடப் போற மனுஷன். கசங்கின சட்டையோட போனா பாதி தோத்த மாதிரி."

"அப்ப நீ அப்பா கட்சியா?"

"நான் இஸ்திரி கட்சி. அவ சட்டையையும் கொண்டு வரச் சொல்லு, போட்டுத் தர்றேன்." அம்மா காலரைத் திருப்பிப் போட்டாள். "ஒண்ணு மட்டும் பண்ணு. அந்த ரேடியோக்காரிகிட்ட மூணாவது பாட்டைப் போட வேண்டாம்னு சொல்லிடு."

மீட்டர் அம்மாவைப் பார்த்தாள். "ஏன்?"

"ஒரே இரைச்சல். மத்த ஒன்பதும் நல்லாத்தானே இருக்கு. அதுல ஒண்ணைப் போடட்டும்."

அந்தப் பத்துப் பாட்டில் மிக அமைதியான பாட்டு அந்த மூன்றாவதுதான். மீட்டருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஆல்பம் வந்த இந்த மூன்று வாரமும், வீட்டில் யார் அதைப் போட்டாலும், மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் அம்மா எங்கிருந்தோ ஈரக் கையோடு வந்து அடுத்ததைத் தட்டிவிட்டுப் போவாள். வாலு அதற்கு ஒரு நாள் அழக்கூட அழுதாள். 'அம்மாவுக்கு ரசனை அவ்வளவுதான்' என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"அம்மா, அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நாலு மணிக்கு முன்னாடி."

இஸ்திரிப்பெட்டி நின்றது.

"நாலு மணிக்கு அப்புறம் சொல்லு."

"என்ன விஷயம்னே நீ கேக்கலையே."

"எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் சொல்லு."

"அம்மா, சட்டை தீயுது."

அம்மா பெட்டியை வெடுக்கென்று தூக்கினாள். முதுகுப் பக்கம் மரக்கலரில் ஒரு முக்கோணம். "கோட்டு போட்டுக்கச் சொல்லு. தெரியாது" என்றாள்.

●

சின்ன கார். மீட்டர் ஓட்டினாள். முன்னால் கோட்டு போட்ட அப்பா. பின்னால் வாலு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷப் பயணம்.

"பெல்ட்" என்றார் அப்பா.

"போட்டாச்சு" என்றாள் மீட்டர். "அப்பா, ஒரு விஷயம்..."

"அக்கா, ஏசியைக் கூட்டு. முன்னாடி ஒருத்தர் கோட்டு போட்டிருக்கார். வேர்த்தா வேஷம் கலைஞ்சிடும்."

அப்பா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "கோட்டு எனக்குத் தைச்சது. அடுத்தவன் கோட்டை எடுத்து மாட்டிக்கலை."

"ஆறு நாளா வாய் திறக்காதவரு, இப்பப் பாருங்க. ஒத்திகையா?"

"உன்கூடப் பேச எனக்கு ஒத்திகை வேணுமா? நாங்க அந்த மெஷின்ல பதிவு பண்ணோம்னா, வேற மெஷின் இல்லை. கரகரன்னு இருந்துச்சுன்னா, அதை எப்படிப் போக்கறதுன்னு தெரியலை. ராத்திரி பகலா அந்தக் கரகரப்போட மல்லுக்கு நின்னோம். நீ என்னடான்னா இருக்கற சுத்தமான சத்தத்தை விட்டுட்டு, அதைத் தேடிப் போய் பவுடர் மாதிரி பூசிக்கறே. அதுக்குப் பேரு என்ன?"

"ரசனை."

"வேஷம்."

"போன் இருக்கும்போதே என் அறைவாசல் வரைக்கும் நடந்து வந்து திட்டறீங்களே, அது வேஷமா? அது ஒரு சுகம்! நேர்ல திட்டினாத்தான் உங்களுக்குத் திருப்தி. எனக்கு அந்த மெஷின்ல பாடினாத்தான் திருப்தி. அது ஒரு தப்பைத் திருத்தவும் விடாது. அதனால பயந்து பாடுவேன். பயந்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்."

"அப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றாள் மீட்டர்.

"நீ சிக்னலைப் பாரு. சிவப்பு."

பார்த்தாள். சிவப்புதான். பிரேக்கை மிதித்தாள்.

"எத்தனை பாட்டுப்பா கேட்டீங்க?" வாலு முன்னால் சாய்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அது ஆபத்தான இறக்கம் என்று மீட்டருக்குத் தெரியும். "உண்மையைச் சொல்லுங்க. பத்துல எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு!"

"மோர் புளிச்சிருக்குன்னு தெரிஞ்சுக்க மொத்தப் பானையையும் குடிக்கணுமா?"

"ரெண்டு வருஷம்ப்பா. ரெண்டு வருஷம் உழைச்சது. உங்களால நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கேக்க முடியலை. ஆனா நிருபர் வந்து மைக்கை நீட்டினதும்..."

"சிக்னல் விழுந்தாச்சு. எடு" என்றார் அப்பா.

மீட்டர் வண்டியை எடுத்தாள். நிறுத்தியிருக்கலாம். ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, 'ரெண்டு பேரும் வாயை மூடுங்க, சித்தப்பா டேப்பை எடுக்கலை' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவர்கள் இடைமறித்ததால்தான் முடியவில்லை என்று பிறகு அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். உண்மை அது இல்லை. 'அழிச்சேன்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அவளுக்குத் தைரியம் இல்லை.

வானொலி நிலையத்தின் வாசல் வந்தது.

●

நிகழ்ச்சி நடத்துகிறவள் சிரித்த முகம். தேன் குரல். அந்தத் தேனுக்குள் கத்தி வைத்திருந்தாள்.

"மகளின் ஆல்பத்தை வேஷம்னு சொன்ன அப்பா இங்கே. வேஷக்காரின்னு பேர் வாங்கின மகளும் இங்கே. வணக்கம் நேயர்களே!"

மேஜையின் இரண்டு பக்கமும் அப்பாவும் வாலுவும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கன்ட்ரோல் அறையில், பொத்தான்களைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். அவர் பக்கத்தில் மீட்டர், மடியில் பையை அணைத்துக்கொண்டு. பைக்குள் அந்த டேப் டப்பா. ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. குற்றவாளி கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவானே, அப்படி.

"ஐயா, கேட்கிறவங்களுக்குப் பிடிச்சிருக்கே. அப்புறம் உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பிளாஸ்டிக் பூவும் பிடிக்குது. வீட்டுக்கு வீடு வைக்கிறாங்க. அதுக்காகத் தேனீ வந்துடுமா?"

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"இவர் பாடுறதை விட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றாள் வாலு. "தான் பூட்டின வீட்டுல வேற யாரும் விளக்கு ஏத்தக் கூடாது. அதான் இவரோட கஷ்டம்."

கன்ட்ரோல்காரர் ஆனந்தமாகத் தலையை ஆட்டினார். "சூடு பிடிச்சிருச்சு."

நேயர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். லாரி ஓட்டுகிற ஒருத்தர், இந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான் வழியெல்லாம் தூங்காமல் இருக்கிறேன் என்றார். "எரிச்சல்ல தூக்கம் போயிருக்கும்" என்றார் அப்பா. ஒரு கணக்கு வாத்தியார், பெரியவர் சொல்வதுதான் சரி, பழைய இசைத்தட்டு என்று நினைத்து ஏமாந்து வாங்கிவிட்டேன் என்றார். "ஏமாந்தீங்கன்னா நான் ஜெயிச்சேன் சார்" என்றாள் வாலு. கடைசியாக ஒரு பேக்கரி அம்மா.

"மாவு பிசையும்போது தினமும் இதான் ஓடும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மூணாவது பாட்டுல பின்னாடி ஒரு ஆம்பளை முணுமுணுக்கறாரே, அவர் யாரு? கல்யாணம் ஆயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையே.

"அது எங்க பாஸ் கிட்டார்க்காரர்" என்றாள் வாலு. "ரெண்டு பேரக்குழந்தைங்க இருக்கு."

"கேட்டுட்டு வருவோமா அந்த மூணாவது பாட்டை?" என்றாள் நிகழ்ச்சிக்காரி.

மீட்டர் கன்ட்ரோல்காரரின் கையைப் பிடித்தாள். "சார், நாலாவதைப் போடுங்க."

"மூணுதான்மா போட்டு வச்சிருக்கு."

"டேப்புல கோளாறு சார்."

"இது டேப்பே இல்லையேம்மா, கம்ப்யூட்டர்." பொத்தானை அழுத்திவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முகத்தில் கசப்பு மருந்து குடிக்கிறவரின் தயார்நிலை. டிரம்ஸ் வந்தது. பாஸ் வந்தது. வாலுவின் குரல், பயந்து பயந்து, ஒவ்வொரு படியாக ஏறியது.

அப்பாவின் சுட்டுவிரல் மேஜையில் தாளம் போட்டது.

வாலு அதைப் பார்த்துவிட்டாள். அக்காவைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். மீட்டரால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. ஆர்கன் தனியாக வரும் இடத்துக்கு இன்னும் பத்து வினாடி. ஐந்து.

விரல் நின்றது.

அப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினார். பிறகு மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எப்ப வந்தான்?"

"யாரு?" என்றாள் வாலு.

"நடிக்காதே! எப்ப வந்தான் உங்க சித்தப்பா? என் வீட்டுக்குக் கீழே, என் ஸ்டூடியோவுல, எனக்குத் தெரியாம அவனை உட்காரவச்சுப் பாட வச்சிருக்கீங்க!"

நிகழ்ச்சிக்காரி கண்ணாடி வழியாக ஒரு சாடை காட்டினாள். கன்ட்ரோல்காரர் பாட்டை இறக்கினார். மைக்குகளைத் திறந்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"சித்தப்பா முகமே எனக்குத் தெரியாதுப்பா!" வாலு எழுந்தே விட்டாள். "அவர் போகும்போது நான் கைக்குழந்தை. வீட்டுல இருக்கற போட்டோவுல கூடப் பாதியைக் கிழிச்சு வச்சிருக்கீங்க! என்ன உளறல் இது?"

"என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு என் டேப்பைத் திருடினான். இன்னிக்கு என் பொண்ணுங்களைத் திருடிட்டான். திருட்டுப் பய..."

மீட்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்தாள். "ஏம்மா, நேரலை, உள்ள போகாதே!" என்று பெரியவர் பதறினார். சின்ன வயசிலிருந்து சிவப்பைப் பார்த்தால் கத்தி நிறுத்துகிறவள், அந்தச் சிவப்பு விளக்குக்குக் கீழே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்பா, சித்தப்பா எடுக்கலை."

"நீயுமா?"

"அவர் வரவும் இல்லை. நீங்க இப்பக் கேட்டது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி பாடினது. டேப் நம்ம அலமாரியிலதான் இருந்துச்சு. சோப்பு விளம்பரம்னு லேபிள் போட்டு. நான் அதை நம்பி அதுக்கு மேலயே இவ பாட்டைப் பதிவு பண்ணிட்டேன். எட்டாவது டிராக் மட்டும் தப்பிச்சுது." மூச்சு வாங்கினாள். "மத்த ஏழையும் நான்தான்பா அழிச்சேன். போட்டுக் கேக்காம அழிச்சுட்டேன்."

வானொலியில் நாலு வினாடி மௌனம் என்றால் அது நாலு நாள். அத்தனை ஊரிலும் அத்தனை அடுக்களையிலும் அந்த மௌனம் ஒலிபரப்பானது.

"ஒரு சின்ன இடைவேளை" என்றாள் நிகழ்ச்சிக்காரி. அவள் குரலில் இப்போது தேனும் இல்லை, கத்தியும் இல்லை.

●

வெளியே நீளமான வராந்தா. ஒரு பெஞ்சு, ஒரு குடிநீர்க் கேன். அப்பா கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். முதுகில் அந்த மரக்கலர் முக்கோணம்.

"ஏழும் போச்சா?"

"போச்சுப்பா."

"அழிக்கறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"இல்லை."

"தொழில் கத்துக்கொடுத்த முதல் நாளே..."

"நீங்க மட்டும் கேட்டீங்களா?" வாலுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். "ரெண்டு பாட்டுக் கேட்டுட்டுப் பத்தையும் வேஷம்னு சொன்னீங்க. அவ கேக்காம டேப்பை அழிச்சா. நீங்க கேக்காம என்னை அழிச்சீங்க. சித்தப்பா சொன்னதையாவது கேட்டீங்களா?"



வாலு அக்கா பக்கம் திரும்பினாள். அவள் அப்பாவை விட்டால் அடுத்த ஆள் தான்தான் என்று மீட்டர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"காலையில! காரில இருபது நிமிஷம் வாயில கொழுக்கட்டையா? மூணு வாரமா ஊரே அந்த ஒரு இடத்தைத்தான் கொண்டாடுது. இப்பச் சொல்றே, அது நான் பண்ணினதே இல்லைன்னு. என் ஆல்பத்துல நல்லா இருக்கறது மட்டும் என்னோடது இல்லை. அப்படித்தானே?"

"அப்படி இல்லடி..."

"டி போடாதே."

"டப்பா எங்கே?" என்றார் அப்பா.

மீட்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியில் இருந்ததைப் படித்தார். 'சோப்பு விளம்பரம். அழிக்கலாம்.'

"அம்மா டப்பா மாத்தி வச்சிருப்பாப்பா" என்றாள் மீட்டர் அவசரமாக. "அன்னிக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். தெரியாம மாறிப்போயிருக்கும்."

சொல்லும்போதே அவளுக்குள் எதுவோ இடறியது. ஈரக் கை. தட்டிவிட்ட மூன்றாவது பாட்டு. டேப்போடு டேப்பாக வாழ்கிற தன் காதுக்கே பிடிபடாத குரல் அம்மாவுக்கு எப்படிப் பிடிபட்டது?

அப்பா மூடியைத் திறந்தார். உள்ளே டேப் சுற்றின உருளை. அதன் நடுவிலும் ஒரு லேபிள். அதே கையெழுத்து. அதே சோப்பு. டப்பாதான் மாறிப்போனது என்றால் உள்ளே இருக்கும் உருளையில் ஏன் சோப்பு என்று ஒட்டியிருக்கிறது?

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் லேபிளைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் லேசாகத் தடித்திருந்தது.

"ரெண்டு லேபிள்" என்றார்.

நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பழைய பசை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வாலு தன் கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். மேல் லேபிளின் 'அழிக்கலாம்' போனது. 'சோப்பு' போனது. கீழே மங்கிய நீல மையில் இன்னொரு கையெழுத்து எழுந்து வந்தது. அது அப்பாவுடையது. வாலிபத்து அப்பாவுடையது.

'தம்பியும் நானும். அழிக்காதே.'

யாரும் அம்மாவின் பெயரை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. கன்ட்ரோல்காரர் தலையை நீட்டினார். "ஐயா, லைன்ல ஒருத்தர். பேர் கேட்டா சொல்ல மாட்டேங்கறார். 'அண்ணாவைக் கூப்பிடுங்க'ன்னு மட்டும் சொல்றார். கட் பண்ணிடவா?"

அதே நேரம் மீட்டரின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் 'வீடு'.

அப்பா போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கட் பண்ணாதீங்க" என்றார்.

உருளையைக் கீழே வைக்காமல், அதை மார்போடு பிடித்துக்கொண்டு, உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்தப் பேச்சு ஒலிபரப்புக்கு இல்லை போலும்.

போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"எடு" என்றாள் வாலு.

மீட்டர் எடுத்தாள். மறுமுனையில் வீட்டு ரேடியோ மெல்லிசாக ஓடுவது கேட்டது. அம்மா ஹலோ சொல்லவில்லை. அழவும் இல்லை. சட்டைக்கு இஸ்திரி போடும்போது பேசின அதே குரலில் கேட்டாள்:

"லேபிளைச் சுரண்டிட்டாரா?"